ஒய் அழுத்துறதுக்கு முன்னாடி: லினக்ஸ் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்றது, அப்டேட் பண்றது, பண்ணப்போய் மாட்டிக்கிட்டது பத்தித்தான். அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு மொத்தமா இதையே எடுத்துக்கிட்டேன். கமாண்ட் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலதான் அச்சடிச்சிருக்கோம், டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கிற ஜன்னல்ல, இங்கிலீஷ்ல அடிங்க, பெரிய எழுத்துன்னு தனியா சொல்லாத வரைக்கும் எல்லாமே சின்ன எழுத்து.

கேள்வி: சார், நான் ரிட்டயர்ட் ஆன ஆசிரியை. பையன் வந்து என் லேப்டாப்ல லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். விண்டோஸ்ல நான் பாட்டுக்கு வெப்சைட்டுக்குப் போய் டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக் பண்ணிக்குவேன். இங்க அப்படியெல்லாம் பண்ணாதம்மான்னு திட்டுறான். பண்ணா என்ன ஆகும்?

பதில்: டீச்சர், பையன் சொல்றது சரிதான், காரணத்தைச் சொல்லாம திட்டுனதுதான் தப்பு.

லினக்ஸ்ல பேக்கேஜ் மேனேஜர்னு ஒண்ணு இருக்கே, அது ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. சிஸ்டம் ஃபோல்டர்கள்ல கிடக்குற இந்த ஃபைல் எந்த பேக்கேஜோடது, அது என்ன வெர்ஷன், அது ஓடணும்னா கூட எது எது இருக்கணும், அது நீங்க கேட்டு வந்ததா இல்ல இன்னொண்ணுக்குத் துணையா வந்ததா, இதெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டே இருக்கும். சந்தேகமா இருந்தா டெர்மினல்ல டிபிகேஜி, ஒரு ஹைஃபன், பெரிய எழுத்து எஸ், ஒரு இடம் விட்டு /யூஎஸ்ஆர்/பின்/சார்ட் அப்படின்னு அடிச்சுப் பாருங்க, அந்த ஃபைல் கோர்யூட்டில்ஸ்ங்கிற பேக்கேஜோடதுன்னு உடனே பதில் வரும். உபுண்டு, மின்ட், டெபியன்னு இருக்குற லினக்ஸ் வகைகள் மூணுலயும் இது வேலை செய்யும்.

இப்ப நீங்க ஏதோ ஒரு சைட்ல இருந்து டெப் ஃபைல் ஒண்ணு, அதாவது இந்த மூணு லினக்ஸுக்கான பேக்கேஜ் ஃபைல், எடுத்துட்டு வர்றீங்கன்னு வைங்க. அந்த ஃபைலைப் பிரிச்சா உள்ள மூணே மூணு ஐட்டம்தான், ஒண்ணு ஃபார்மட் வெர்ஷன் எழுதுன குட்டி ஃபைல், ஒண்ணு நிஜமான ஃபைல்கள் அடங்குன கட்டு, இன்னொண்ணு கன்ட்ரோல் கட்டு. இந்தக் கன்ட்ரோல் கட்டுக்குள்ளதான் வில்லங்கம். பேக்கேஜ் பேரு, வெர்ஷன், டிபென்டென்சி (அது ஓடக் கூட இருக்க வேண்டியது) இதோட, இன்ஸ்டாலுக்கு முன்னாடி ஓடுற ஸ்கிரிப்ட், முடிஞ்சப்புறம் ஓடுற ஸ்கிரிப்ட், எடுக்கும்போது ஓடுற ஸ்கிரிப்ட்னு எல்லாம் அங்க இருக்கும், நீங்க பாஸ்வேர்ட் குடுத்ததும் அதெல்லாம் ரூட்டா, அதாவது மெஷினோட முழு அதிகாரத்தோட, ஓடும். ரூட்டா ஓடுற ஸ்கிரிப்ட் உங்க மெஷின்ல எதை வேணாலும் பண்ணலாம், கேக்க ஆள் கிடையாது.

ரெப்போல, அதாவது உங்க லினக்ஸை நடத்துறவங்களோட பேக்கேஜ் கிடங்குல, இருந்து வர்றதும் அதே டெப் ஃபைல்தானேன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான். வித்தியாசம் என்னன்னா அங்க ஒரு சங்கிலி இருக்கு. ரெப்போ நடத்துறவங்க ரிலீஸ்னு ஒரு ஃபைல் போட்டு அதுல டிஜிட்டல் கையெழுத்து போடுவாங்க, அந்த ஃபைலுக்குள்ள பேக்கேஜ் லிஸ்ட்டோட ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) இருக்கும், லிஸ்ட்டுக்குள்ள ஒவ்வொரு டெப் ஃபைலோட ஷா256 ஹாஷும் இருக்கும். கையெழுத்தைச் சரிபார்க்குற சாவி ஏற்கெனவே உங்க சிஸ்டத்துல இருக்கு. நடுவுல எவனாவது ஃபைலை மாத்துனா ஹாஷ் ஒத்துப்போகாது, உங்க பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட் அங்கயே நின்னுரும். டவுன்லோட் பண்ற மிரர் சர்வர் (ரெப்போவோட நகல்) எங்க இருக்கு, யாரு நடத்துறாங்கன்னு நீங்க கவலைப்படாம இருக்குறது இதனாலதான்.

இன்னொண்ணு, சைட்ல எடுத்தது தானா அப்டேட் ஆகாது. குரோம் மாதிரி சிலது இன்ஸ்டால் ஆகும்போதே தன்னோட ரெப்போவையும் சேர்த்து வெச்சுரும், அதனால அப்புறம் ஆப்ட் வழியா ஒழுங்கா அப்டேட் வந்துக்கிட்டு இருக்கும். அப்படிச் சேர்க்காததெல்லாம் நீங்க எடுத்துட்டு வந்த அன்னைக்கு இருந்த ஓட்டைகளோட அப்படியே உக்காந்திருக்கும். டெபியன் 12 ரெப்போல மட்டும் 64,000க்கு மேல பேக்கேஜ் இருக்கு டீச்சர், முதல்ல அங்க தேடிப்பாருங்க, ஆப்ட் சர்ச் அடிச்சு ஒரு வார்த்தை குடுத்தா போதும். அங்க இல்லாதப்ப வெளிய போகலாம், அப்பவும் அந்த சாஃப்ட்வேரை எழுதுனவங்களோட சொந்த சைட்டுக்குப் போங்க, டவுன்லோட் பட்டன் நாலு இருக்குற சைட்டுக்கு வேணாம்.

கேள்வி: அண்ணா, சூடோ ஆப்ட் அப்டேட் அடிச்சேன், கடகடன்னு ஏதோ ஓடுச்சு, முடிஞ்சுதுன்னும் சொல்லுச்சு. ஆனா ஃபயர்ஃபாக்ஸ் பழைய வெர்ஷன்லயே நிக்குது. உபுண்டு 22.04.

பதில்: தம்பி, சூடோன்னா ரூட் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம், ஆப்ட் அப்டேட்ங்கிறது பேக்கேஜ் லிஸ்ட்டை மட்டும்தான் புதுசாக்கும், பேக்கேஜ் எதையும் தொடாது. நிஜமா ஏத்துறதுக்கு அதுக்கப்புறம் ஆப்ட் அப்கிரேட் அடிக்கணும். ஃபெடோராங்கிற இன்னொரு லினக்ஸ்ல டிஎன்எஃப் அப்கிரேட் ஒண்ணே ரெண்டையும் பாத்துக்கும், அதனால அங்கயிருந்து வர்றவங்க இங்க வந்து குழம்புறது சகஜம்.

ஆனா உனக்கு அது மட்டும் பத்தாது. 22.04ல இருந்து உபுண்டுல ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாதான் வருது, ஸ்னாப்னா ஆப்டுக்கு வெளிய தனி ஸ்டோர்ல இருந்து வர்ற பேக்கேஜ் வகை, ஆப்ட்ல ஃபயர்ஃபாக்ஸ்னு இருக்குறது பேருக்கு ஒரு பேக்கேஜ், அதோட வேலையே ஸ்னாப்பை இழுத்துட்டு வர்றதுதான். அதனால நீ ஆப்ட் அப்கிரேட் எத்தனை தடவை அடிச்சாலும் ஃபயர்ஃபாக்ஸ் அசையாது. ஸ்னாப் ஒரு நாளைக்கு நாலு தடவை தானா செக் பண்ணிக்கும், ஆனா பிரவுசர் திறந்தே இருந்தா அப்டேட்டைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கும். பிரவுசரை முழுசா மூடிட்டு சூடோ ஸ்னாப் ரெஃப்ரெஷ் அடி, வந்துரும்.

கேள்வி: ஆப்ட், ஆப்ட்-கெட், டிபிகேஜி, ஆப்டிட்யூட், சினாப்டிக், இது போதாதுன்னு ஆர்பிஎம், யம், டிஎன்எஃப், பேக்மேன்... எதுக்கு இத்தனை? எல்லாரும் உக்காந்து பேசி ஒண்ணு பண்ணியிருக்கக் கூடாதா?

பதில்: பேசுனாங்க, ஒத்துவரல, அது ஒரு பக்கம். ஆனா நீங்க போட்ட லிஸ்ட் பாக்குறதுக்குத்தான் நீளம், ரெண்டு அடுக்கா பிரிச்சுப் பாத்தா சின்னதாயிரும்.

கீழ் அடுக்கு, ஒரு பேக்கேஜ் ஃபைலைக் குடுத்தா அதைப் பிரிச்சு ஃபைல்களை இடத்துல வெச்சுக் கணக்குல எழுதும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும். டெபியன் குடும்பத்துல அது டிபிகேஜி, ரெட் ஹேட் குடும்பத்துல ஆர்பிஎம். ஏதாவது குறைஞ்சா குறையுதுன்னு சொல்லிட்டு நின்னுரும், தேடிப் போய் எடுத்துட்டு வராது. தொண்ணூறுகள்ல லினக்ஸ் ஓட்டுனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு ஆர்பிஎம் போடப்போனா அது இன்னொண்ணு கேக்கும், அதைத் தேடி எடுத்துட்டு வந்தா அது மூணாவதா ஒண்ணு கேக்கும், அந்த மூணாவது முதல்ல இருக்குறதோட மோதும், அந்த எரிச்சல்ல லினக்ஸையே விட்டுட்டு ஓடுனவங்க நிறையப்பேர். மேல் அடுக்கு வந்தது இதைத் தீர்க்கத்தான். டெபியன்ல ஆப்ட் 1999ல 2.1 வெர்ஷனோட வந்துச்சு, ரெட் ஹேட் பக்கம் யம் வந்துச்சு, 2015ல ஃபெடோரா 22ல யம் இடத்துல டிஎன்எஃப் வந்து உக்காந்துச்சு. சூஸேல ஸிப்பர். ஆர்ச்ல பேக்மேன் ஒண்ணே ரெண்டு அடுக்கு வேலையையும் பாத்துக்கும். ஆப்டிட்யூடும் சினாப்டிக்கும் அதே கணக்கைப் பாக்குற வேற வேற ஜன்னல்கள், எதுல பண்ணாலும் ஒரே இடத்துலதான் பதிவாகும்.

ஆப்டுக்கும் ஆப்ட்-கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பலபேருக்குத் தெரியாது. ஆப்ட்ங்கிற கமாண்ட் 2014ல மனுஷங்க அடிக்கிறதுக்குன்னு கொண்டுவந்தது, கலரு, ப்ரோக்ரஸ் பார் எல்லாம் உண்டு. அதை ஸ்கிரிப்ட்ல போட்டா அதோட அவுட்புட் எப்ப வேணாலும் மாறலாம்னு அதுவே வார்னிங் குடுக்கும், ஸ்கிரிப்டுக்கு ஆப்ட்-கெட்தான். நடத்தையிலயும் ஒரு சின்ன மாற்றம் இருக்கு, ஆப்ட்-கெட் அப்கிரேட் புதுசா எந்த பேக்கேஜையும் சேர்க்காது, ஆப்ட் அப்கிரேட் தேவைப்பட்டா சேர்க்கும், ஆனா ரெண்டுமே இருக்குறதை எடுக்காது. எடுக்குற அதிகாரம் ஃபுல்-அப்கிரேடுக்குத்தான். கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்டேட் உங்களுக்கு மட்டும் வரலைன்னு தோணுச்சுன்னா ஆப்ட்-கெட் அப்கிரேட்தான் அடிச்சுட்டு இருக்கீங்களான்னு பாருங்க, கர்னல் ஒவ்வொரு தடவையும் புதுப் பேர்ல புது பேக்கேஜா வரும்.

நேரம் போகலைன்னா ஆப்ட் மூ-ன்னு அடிச்சுப் பாருங்க. ஏன்னு கேக்காதீங்க, அடிங்க.

கேள்வி: சார் அர்ஜென்ட். ஆப்ட் இன்ஸ்டால் அடிச்சா லாக் கிடைக்கலைன்னு எர்ரர் வருது. நெட்ல தேடுனேன், லாக் ஃபைலை ஆர்எம் போட்டு டெலீட் பண்ணுன்னு போட்டிருக்காங்க. பண்ணிரலாமா?

பதில்: பண்ணாதீங்க! இந்த அட்வைஸ் நெட்ல எங்க பாத்தாலும் கிடக்கு, எழுதுனவங்க எல்லாரும் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் காப்பி அடிச்சதுன்னு நினைக்கிறேன்.

லாக்னா என்னன்னா, ஒரே கணக்குல ரெண்டுபேர் ஒரே நேரத்துல எழுதக்கூடாது, அதனால யாரு முதல்ல வந்தாங்களோ அவங்க அந்த ஃபைலைப் பிடிச்சு வெச்சுப்பாங்க. உங்க மெஷின்ல அந்த நேரத்துல வேற யாரோ எழுதிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ்னு ஒண்ணு பின்னால ஓடிட்டு இருக்கும், செக்யூரிட்டி பேட்ச்களை அது தானா போட்டுக்கும், மெஷினை ஆன் பண்ண கொஞ்ச நேரத்துலயே இது கிளம்பும், நீங்களும் ஆன் பண்ணதும் டெர்மினலைத் திறப்பீங்க, ரெண்டும் மோதிக்கும். எர்ரர் மெசேஜை நிதானமா படிங்க, எந்த ப்ராசஸ் பிடிச்சிருக்கு, அதோட நம்பர் என்ன, பேரு என்னன்னு அதுலயே எழுதியிருக்கும். புது வெர்ஷன் ஆப்டா இருந்தா எர்ரர் கூட வராது, காத்துட்டு இருக்கேன்னு சொல்லிட்டு செகண்டை எண்ணிட்டு நிக்கும்.

நீங்க போய் ஃபைலை டெலீட் பண்ணா என்ன ஆகும்னா, பிடிச்சவன் பழைய ஃபைலைப் பிடிச்சுக்கிட்டே எழுதிட்டு இருப்பான், உங்க ஆப்ட் புதுசா ஒரு லாக் ஃபைலை உருவாக்கி அதைப் பிடிச்சுக்கிட்டு அதே டேட்டாபேஸ்ல எழுத ஆரம்பிக்கும். பாதி எழுதுன பேக்கேஜும் பாதி எழுதாத பேக்கேஜுமா ரெண்டும் கலந்துரும். எதுவுமே ஓடாம லாக் மட்டும் மாட்டிக்கிட்டு நிக்கிறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், ஏன்னா ப்ராசஸ் செத்தா கர்னலே அந்தப் பிடியை விடுவிச்சுரும், ஃபைல் சும்மா கிடந்தா அது லாக் ஆகாது.

காத்திருங்க. ரொம்ப நேரம் ஆகியும் போகலைன்னா அந்த நம்பர் ப்ராசஸ் உண்மையிலயே வேலை செய்யுதான்னு டாப் கமாண்ட்ல பாருங்க. நடுவுல கரண்ட் போயி அரைகுறையா நின்னுருந்தா சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ அடிச்சா விட்ட இடத்துல இருந்து முடிச்சுக்கும், அப்புறம் சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். இந்த ரெண்டுலயே பெரும்பாலான கேஸ் சரியாயிரும்.

கேள்வி: ஒரு சாஃப்ட்வேரை ரிமூவ் பண்ணிட்டு திரும்பப் போட்டா பழைய செட்டிங்ஸோடவே வருதே?

பதில்: ரிமூவ் போட்டா ப்ரோக்ராம் போகும், ஈடிசி ஃபோல்டர்ல இருக்குற கான்ஃபிக் ஃபைல் இருக்கும். பர்ஜ் போட்டா அதுவும் போகும். ரெண்டுமே உங்க ஹோம் ஃபோல்டரைத் தொடாது, அங்க புள்ளி வெச்ச ஃபோல்டர்கள்ல இருக்குறதை நீங்களேதான் அழிக்கணும். உங்க கேஸ் அநேகமா அதுதான்.

கேள்வி: ஒரு சின்ன டூல் ஒண்ணு இன்ஸ்டால் பண்ணப் போனேன், கூட ஒரு பெரிய லிஸ்ட்டைக் காட்டி இதெல்லாம் ரிமூவ் ஆகும்னு சொல்லுச்சு. என்னன்னு பாக்காம ஒய் அழுத்திட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்ல லாகின்னு மட்டும் நிக்குது. இவ்ளோ பெரிய விஷயத்தை இப்படியா சும்மா கேக்குறது?

பதில்: கேட்டுச்சே. அதுதான் என் பதில், ஆனா உங்க கோபமும் நியாயம்தான், உங்களை மாதிரி உலகம் முழுக்கப் பாக்க மாட்டுனவங்களும் இருக்காங்க. 2021 நவம்பர்ல ஒரு பெரிய யூடியூப் சேனல்காரர் பாப் ஓஎஸ்ங்கிற லினக்ஸ்ல ஸ்டீம்ங்கிற கேம் ஸ்டோர் ஆப்பைப் போடப்போனார், ஆப்ட் மொத்த டெஸ்க்டாப்பையும் எடுக்கப்போறேன்னு சொல்லி, நிஜமாவே வேணும்னா இந்த வாக்கியத்தை முழுசா டைப் பண்ணுன்னு கேட்டுச்சு, அவரும் டைப் பண்ணார், டெஸ்க்டாப் போயிருச்சு. ஸ்டீம் 32 பிட், மிச்ச சிஸ்டம் 64 பிட், ரெண்டுக்கும் பொதுவா இருக்குற லைப்ரரிகள் (பல ப்ரோக்ராம்கள் பகிர்ந்துக்கிற கோடு) ஒரே வெர்ஷன்ல இருந்தாகணும்ங்கிறது ரூல், அன்னைக்கு ரெப்போல அது ஒத்துப்போகல. அதுக்கப்புறம் ஆப்ட்லயே மாத்துனாங்க, இப்ப அடிப்படை பேக்கேஜ்களை எடுக்கணும்னா தனியா ஒரு ஆப்ஷன் குடுத்தாத்தான் நடக்கும். ஆனா உபுண்டுல டெஸ்க்டாப் அந்த அடிப்படை லிஸ்ட்ல சேராது, டெஸ்க்டாப் இல்லாத சர்வர் ஆயிரம் இருக்கே, அதனால அதுக்குச் சாதாரண ஒய் போதும்.

ஏன் இப்படிப் பைத்தியக்காரத்தனமான முடிவுக்கு வருதுன்னா, அது பைத்தியம் இல்ல, நீங்க கேட்டதை எப்படியாவது முடிச்சுக் குடுக்கப் பாக்குது. ஏ வேணும்னு கேக்குறீங்க, ஏ வந்தா பி இருக்க முடியாது, பி போனா அதை நம்பி இருக்குற சி, டி எல்லாம் போகணும். ஒவ்வொரு ஸ்டெப்பும் சரிதான், மொத்தமாப் பாத்தாத்தான் அபத்தம், அந்த அபத்தத்தைப் பாக்க வேண்டிய ஆள் நீங்க. பேக்கேஜ் கூட்டம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுமான்னு கண்டுபிடிக்கிறது கணக்குத் தியரிப்படியே கஷ்டமான வகை, என்பி-கம்ப்ளீட்னு சொல்லுவாங்க, அதனாலதான் ஸிப்பரும் டிஎன்எஃப்பும் சாட் சால்வர்னு ஒரு கணித இன்ஜினையே உள்ள வெச்சிருக்கு.

உபுண்டு 22.04ல இதுக்குப் பேர்போன ஒரு பொறி இருக்கு. ஆப்இமேஜ்னு ஒரே ஃபைலா வந்து இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற ஆப் வகை இருக்கு, அது ஓட லிப்ஃபியூஸ்2ன்னு ஒரு லைப்ரரி வேணும், அந்த லைப்ரரி சிஸ்டத்தோட வராது. அதைப் போடுறதுக்குப் பதிலா ஃபியூஸ்னு மட்டும் அடிச்சுட்டீங்கன்னா அது பழைய பேக்கேஜ், புது ஃபியூஸ்3ஓட மோதும், ஃபியூஸ்3ஐ நம்பி பாதி டெஸ்க்டாப் நிக்குது, எல்லாம் சேர்ந்து கிளம்பிரும். உங்க லிஸ்ட்ல ஜிநோம்னு ஆரம்பிக்கிற பேர் நிறைய இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க, எனக்கு இதுலதான் சந்தேகம்.

திரும்ப எடுக்குறது கஷ்டம் இல்ல. அந்தக் கறுப்பு ஸ்கிரீன்லயே லாகின் பண்ணி சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப் அடிங்க, நெட் மட்டும் வேணும், வயர்லெஸ் வேலை செய்யலைன்னா போனை யூஎஸ்பில மாட்டி டெதரிங் போடுங்க. உங்க ஃபைல் எதுவும் போயிருக்காது. அடுத்த தடவை சந்தேகம் வந்தா கமாண்டோட -எஸ்னு, சின்ன எஸ், சேர்த்து அடிங்க, என்ன பண்ணப்போறேன்னு சொல்லும், பண்ணாது.

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்டுக்கு பிப் இன்ஸ்டால் போட்டா, இந்த என்விரான்மென்ட்டை வெளிய இருந்து மேனேஜ் பண்றாங்கன்னு திட்டிட்டு நிக்குது. போன வருஷம் வரைக்கும் ஓடுச்சு. எர்ரர்லயே பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் காட்டுது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதைத்தான் போட்டுக்கிறாங்க அக்கா.

பதில்: அக்கா இல்லப்பா, அண்ணா, பரவால்ல.

சிஸ்டத்தை உடைன்னு பேர்லயே வெச்சிருக்காங்க, அதுக்கு மேல எப்படிச் சொல்றது? 2023ல டெபியன் 12லயும் உபுண்டு 23.04லயும் இது வந்துச்சு, அதுக்கு முன்னாடி பைத்தான் மொழியோட பேக்கேஜ் இன்ஸ்டாலரான பிப் கேட்டதையெல்லாம் போட்டுக் குடுத்துச்சு, அதனாலதான் போன மெஷின்ல ஓடுச்சு.

பிரச்சனை எங்கன்னு கிட்டப்போய்ப் பாப்போம். உபுண்டுல சிஸ்டம் டூல்ஸ் நிறைய பைத்தான்ல எழுதுனது, மேல சொன்ன அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ் கூட பைத்தான்தான். ஆப்ட் வழியா வர்ற பைத்தான் லைப்ரரிகள் /யூஎஸ்ஆர்/லிப் பக்கம் போகும், சூடோ போட்டு பிப் வழியா வர்றது /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் பக்கம் போகும். பைத்தான் ஒரு லைப்ரரியைத் தேடும்போது லோக்கலை முதல்ல பாக்கும். இப்ப நீ ப்ராஜெக்டுக்கு ரிக்வெஸ்ட்ஸ்ங்கிற லைப்ரரியோட புது வெர்ஷனைப் போட்டன்னு வை, சிஸ்டம் டூலும் அடுத்த தடவை ஓடும்போது உன்னோடதைத்தான் எடுத்துக்கும், அதுக்குப் பழக்கப்பட்ட ஃபங்ஷன் அதுல இல்லைன்னா விழுந்துரும். ஆப்டைக் கேட்டா என் கணக்குல எல்லாம் சரியா இருக்கு, எதுவும் மாறலைங்கும், அது பொய்யும் இல்ல, அதோட ஃபைல் எல்லாம் அப்படியேதான் இருக்கு. இந்த மாதிரி கேஸ்ல காரணத்தைத் தேடுறதுக்குள்ள தலைமுடி கொட்டிரும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள பைத்தான்3 -எம் வீஎன்வி, ஒரு இடம் விட்டு ஏதாவது ஒரு பேரு, அப்படி ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு அதை ஆக்டிவேட் பண்ணிட்டு உள்ள பிப் எவ்ளோ வேணாலும் போட்டுக்கோ, கெட்டா அந்த ஃபோல்டரையே அழிச்சுட்டு வேற போடலாம். முதல்ல பைத்தான்3-வீஎன்விங்கிற பேக்கேஜை ஆப்ட்ல போடணும், டெபியன்காரங்க அதைத் தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க, ஏன் பிரிச்சாங்கன்னு எனக்கும் கடுப்புதான். லைப்ரரியா இல்லாம கமாண்டா ஓடுற டூல் வேணும்னா பிப்எக்ஸ் பாரு.

கேள்வி: ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ், எதைப் போடுறது? உங்க சாய்ஸ் என்ன?

பதில்: ரெப்போல இருந்தா ரெப்போ. புது வெர்ஷன் கட்டாயம் வேணும்னா ஃப்ளாட்பேக், அது எந்த லினக்ஸ்லயும் ஓடுற மாதிரி வர்ற பேக்கேஜ் வகை. இதுல சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம்.

ஃப்ளாட்பேக்ல ஒரு குட்டி ஆப் போட்டா கூடவே ரன்டைம்னு பெருசா ஒண்ணு இறங்கும், அதைப் பாத்துட்டு நிறையப்பேர் ஓடிருவாங்க. அந்த ரன்டைம் அடுத்தடுத்த ஆப்புகளுக்கும் பொது, அதனால போகப்போக அவ்ளோ வலிக்காது. பழைய ரன்டைம்கள் சேர்ந்துக்கிட்டே போகும், அப்பப்ப ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்ட் அடிங்க. சாண்ட்பாக்ஸ் (ஆப்பைத் தனியா அடைச்சு வெக்கிற வேலி) இருக்குன்னு கண்ணை மூடிட்டு நம்பவும் வேணாம், ஹோம் ஃபோல்டர் முழுக்கத் திறந்துவிட்ட பெர்மிஷனோட வர்ற ஆப்புகள் ஃப்ளாட்பேக் ஸ்டோரான ஃப்ளாட்ஹப்ல நிறைய, ஃப்ளாட்சீல்னு ஒரு ஆப்ல போய்ப் பாத்து மூடிக்கலாம்.

ஸ்னாப் சர்வர்ல நல்லாவே இருக்கு, ஆனா ஸ்டோரை நடத்துறது உபுண்டு கம்பெனியான கேனானிக்கல் மட்டும்தான், வேற ஸ்டோரைச் சேர்க்க வழி இல்ல. இந்தக் காரணத்தையும், கேக்காமலேயே ஸ்னாப்பை இழுத்துட்டு வர்ற பேக்கேஜ்களையும் சொல்லித்தான் லினக்ஸ் மின்ட் 2020ல வெர்ஷன் 20ல இருந்து அதைத் தடுத்து வெச்சிருக்கு. ஆப்இமேஜ் கையில எடுத்துட்டுப் போறதுக்கு வசதி, ஆனா அது எந்தக் கணக்குலயும் சேராது, அப்டேட்டும் நீங்கதான் பாத்துக்கணும்.

கேள்வி: ஆர்ச்ல பேக்மேன் -எஸ்ஒய் போட்டு ஒரே ஒரு பேக்கேஜ் மட்டும் ஏத்துனேன், இப்ப வேற ஏதோ ஒண்ணு லைப்ரரி காணோம்னு திறக்க மாட்டேங்குது.

பதில்: பார்ஷியல் அப்கிரேட். லிஸ்ட்டை மட்டும் புதுசாக்கிட்டு ஒரு பேக்கேஜைப் போட்டா அது தன்கூட புது லைப்ரரியையும் இழுத்துட்டு வரும், பழைய லைப்ரரியை நம்பி இருந்ததெல்லாம் அம்போ. ஆர்ச்ல இதை சப்போர்ட் பண்றதில்லைன்னு தெளிவாவே எழுதி வெச்சிருக்காங்க. எப்பவும் -எஸ்ஒய்யூ, எஸ் மட்டும் பெரிய எழுத்து. இப்பவும் அதையே அடிங்க, சரியாயிரும். ஏயூஆர், அதாவது ஆர்ச் யூசர்களே நடத்துற ரெப்போ, அதுல இருந்து போட்ட பேக்கேஜ்களைத் திரும்ப பில்ட் பண்ண வேண்டியிருக்கும், அப்ப பிகேஜிபில்டுங்கிற பில்ட் ஸ்கிரிப்டை ஒரு தடவை படிச்சுட்டுப் பண்ணுங்க, 2018லயும் 2025லயும் ஏயூஆர்ல மால்வேர் வெச்சது வெளிய வந்துச்சு, அங்க யார் வேணாலும் அப்லோட் பண்ணலாம்.

கேள்வி: ஐயா, எங்க ஆபீஸ்ல செக்யூரிட்டி ஸ்கேன் ஓட்டுனாங்க. டெபியன் சர்வர்ல இருக்குற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற என்கிரிப்ஷன் லைப்ரரி பழைய வெர்ஷன், ஓட்டை இருக்குன்னு ரிப்போர்ட். மேனேஜர் சோர்ஸ்ல இருந்து புதுசைக் கம்பைல் பண்ணிப் போடச் சொல்றார். பண்ணலாமா?

பதில்: வேணாம். டெபியன் ஸ்டேபிள்ல வெர்ஷன் நம்பரை வெச்சு ஓட்டையைக் கணிக்க முடியாது. அவங்க பெரும்பாலும் புது வெர்ஷனுக்குத் தாவ மாட்டாங்க, ஓட்டையை அடைக்கிற அந்தத் துண்டு கோடை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷன்ல தைப்பாங்க. முன்னாடி இருக்குற நம்பர் அநேகமா பழசாவே இருக்கும், டெபியன் 12னா கடைசில டெப்12யூ1, டெப்12யூ2ன்னு ஏறிக்கிட்டே போகும். ஸ்கேனர் முன்னாடி இருக்குற நம்பரை மட்டும் பாத்துட்டுக் கத்துது. ஆப்ட் சேஞ்ச்லாக் ஓப்பன்எஸ்எஸ்எல் அடிச்சு, ரிப்போர்ட்ல இருக்குற சிவிஇ நம்பர் (ஒவ்வொரு ஓட்டைக்கும் குடுக்குற அடையாள எண்) அதுல இருக்கான்னு தேடுங்க, இருந்தா அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர்கிட்ட குடுங்க. டெபியனோட செக்யூரிட்டி ட்ராக்கர்ல ஒவ்வொரு சிவிஇயும் எந்த ரிலீஸ்ல சரியாயிருக்குன்னு போட்டிருக்கும், அதையும் சேர்த்துக் குடுங்க. நீங்களா கம்பைல் பண்ணிப் போட்டா அடுத்த ஓட்டைக்குப் பேட்ச் போடுறதும் உங்க தலைலதான் விழும்.

பழசுன்னாலே ஆபத்துங்கிற நினைப்புக்கு 2024 மார்ச் 29 நல்ல பதில். எக்ஸ்இசட்னு ஒரு கம்ப்ரெஷன் டூல், அதோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல பின்வாசல் வெச்சிருக்குறதை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினியர் அன்னைக்கு வெளிய சொன்னார். எஸ்எஸ்எச் லாகின், அதாவது தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையுறது, அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப்போய்க் கண்டுபிடிச்சது அது. டெபியன் அன்ஸ்டேபிள், டெஸ்டிங், சூஸே டம்பிள்வீட் மாதிரி புதுசைத் துரத்துற இடத்துக்கெல்லாம் அந்த வெர்ஷன் போய்ச் சேர்ந்துருச்சு, முறையான கையெழுத்தோட, எல்லா ஹாஷும் சரியாவே இருந்து. டெபியன் ஸ்டேபிள்ல இருந்தது 5.4.1, அதை அது தொடவே இல்ல. அதனால டீச்சருக்கு மேல எழுதுனேனே சங்கிலி, அது ஃபைல் நடுவழில மாறலைன்னு சொல்லுமே தவிர எழுதுனவன் யோக்கியன்னு சொல்லாது.

கேள்வி: ஃபெடோரால டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூன்னு ஒண்ணு இருக்காமே, அது மாதிரி உபுண்டுல இருக்கா?

பதில்: டிஎன்எஃப்ல ஒவ்வொரு தடவை பண்றதுக்கும் ஒரு நம்பர் போட்டு வெச்சுக்கும், ஹிஸ்டரி லிஸ்ட்ல பாத்து ஹிஸ்டரி அன்டூ போட்டு நம்பரைக் குடுத்தா அன்னைக்குப் போட்டதை எடுத்துரும், எடுத்ததைப் போட்டுரும், பழைய வெர்ஷன் ரெப்போல இன்னும் இருந்தா. அந்த விஷயத்துல ஆப்ட் ரொம்ப நாளாவே பின்தங்கித்தான் இருந்துச்சு. சூஸேல பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் இருந்தா ஸிப்பர் ஒவ்வொரு தடவையும் முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் பின்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் தானா எடுத்து வெச்சுரும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

உபுண்டுல /வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டர்ல ஹிஸ்டரி.லாக்னு ஒரு ஃபைல் இருக்கு, எத்தனை மணிக்கு எந்த யூசர் எந்தக் கமாண்டை அடிச்சு எது வந்துச்சு எது போச்சுன்னு எல்லாம் வரிசையா இருக்கும். பழைய வெர்ஷன் ஆப்டா இருந்தா அதைப் பாத்துக் கையாலதான் திருப்பணும். கறுப்பு ஸ்கிரீன் கேள்வி கேட்டவரும் இதைத் திறந்து ரிமூவ்னு ஆரம்பிக்கிற வரியைப் பாருங்க, போனது எல்லாமே பேர் விடாம அங்க இருக்கும், அதை அப்படியே காப்பி பண்ணி ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் குடுக்கலாம், பின்னால இருக்குற வெர்ஷன் நம்பரையும் பிராக்கெட்டையும், நடுவுல இருக்குற கமாவையும் மட்டும் எடுத்துருங்க.